ஒன்பது கல்குமிகள்

எங்கள் குழுவுக்கு ரப்பர் ஸ்டாம்பில் அடங்காத நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. போர்க்களம், பாதுகாப்பு, அன்பர் என்று மூன்று வார்த்தையும் அதற்குள் வரும். சங்கரன்கோவிலில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. முள்வெட்டிக் கோஷ்டி என்றுதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அரிவாள், மண்வெட்டி, கூடை, தூக்குச்சட்டியோடு ஐந்து பேர் பஸ்ஸுக்கு நின்றால் வேறு எப்படிச் சொல்வார்கள்?

எழுபதுகளின் கடைசி அது. ரத வீதியில் ஒரு மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். எட்டுத் தறி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் நாலு பக்க மனுவைக் கொண்டுவந்து, கார்பன் வைத்து மூன்று காப்பி வேண்டும் என்றார். கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டிக் கரிசல் காட்டுக்குள் ஒரு மண்கோட்டை இருந்தது, இருநூறு வருஷத்துக்கு முன்னால் கும்பினிப் பட்டாளத்தை எதிர்த்துப் பாளையக்காரரின் ஆட்கள் அங்கே நின்று செத்தார்கள், இன்று ஒரே ஒரு சுவர்தான் மிச்சம், அதையும் ஜனங்கள் வண்டி வண்டியாக அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள், சர்க்கார் தலையிட வேண்டும் என்பது மனு. நாலு பக்கத்தை எந்த ஆபீசர் வாசிப்பார் என்று நான் ஒரு பக்கமாகச் சுருக்கிவிட்டேன். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிப்போனது. இடத்தைப் போய்ப் பார்க்காமல் வெட்டுவது லேசு என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வாரமே என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாயங்காலம் திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும் உறுப்பினர்கள். கோபத்தில் போய் மாட்டிக்கொள்வது என் ஜாதகம்.

அந்த இடத்தில் பார்க்க ஒன்றுமே கிடையாது. புளியமரத்தடியில் இறங்கி வண்டிப்பாதையில் ஒரு மைல் நடந்தால் தரை லேசாக மேடு தட்டும், அவ்வளவுதான். சுற்றிலும் பருத்தி, மிளகாய், அதற்கப்பால் வெறும் கரிசல். மேற்கே மலை நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நிற்கும். மேட்டுக்கு நடுவில் முப்பது அடி நீளத்துக்கு ஆள் உயரச் சுவர். அதில் ஓரிடத்தில் பீரங்கிக் குண்டு பிளந்த உடைப்பு ஒன்று, மாடு நுழையும் அகலத்துக்கு. அந்த உடைப்பின் வழியாகப் பார்த்தால் மலைதான் தெரியும். நான் முதல்முறை அங்கே நின்றபோது ஆனி மாதச் சாரல் காற்று உடைப்புக்குள் புகுந்து என் முகத்தில் அடித்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வீட்டுக்காரர் வந்து தோளைத் தொட்டபோதுதான் ஊரில் அடுப்பு, தண்ணீர்க்குழாய், பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய பிள்ளைகள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன.

அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாளும் எனக்குப் பாதித் தூக்கத்தில் போவதுபோல்தான் போயின. ஆறு மிஷினும் சேர்ந்து சடசடக்கும். தெருவில் தறிகள் ஓயாமல் அடிக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே நான் சுவர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருப்பேன். அங்கே செத்தவர்கள் என்ன சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள், காலையில் வீட்டில் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒரு பிள்ளையின் தாளில் பிழையைச் சரியென்று டிக் அடித்துவிடுவேன்.

ஐந்து பேர் என்றேன். அண்ணாச்சி, நாங்கள் இரண்டு பேர், வெட்டும்போது பாடிக்கொண்டே வெட்டும் ஒரு கம்பவுண்டர், ரிட்டயர்டான சர்வேயர் ஐயா. சர்வேயர் ஐயா முள் வெட்டமாட்டார். குடையை விரித்துவைத்து அதன் நிழலில் உட்கார்ந்து, சங்கிலி பிடித்து அளந்ததையெல்லாம் ஒரு பெரிய தாளில் வரைந்துகொண்டிருப்பார். சுவர், உடைப்பு, தூர்ந்துபோன கிணறு, பனைமரம் மூன்று, கற்குவியல் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் நம்பர். நாங்கள் கையில் முள் ஏறிக் கத்தும்போது அவர் தலையை நிமிர்த்தாமல், சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுத்தால்தான் எடுத்தது என்பார்.

இரண்டாவது வருஷம் ஆவணியில் பதில் வந்தது. கட்டுமானம் ஏதேனும் எஞ்சியிருப்பின் பார்வையிடுவதற்காகத் தை மாதம் அதிகாரி வருவார் என்று இரண்டே வரி. அண்ணாச்சி அதைத் தறிக்கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். ஆனால் தை வருவதற்கு முன்னால் ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் வந்துவிடும். போன மழையிலேயே சுவரின் அடிமண் கரைந்து, ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. இன்னொரு மழைக்குத் தாங்காது. சுவர் இல்லையென்றால் அதிகாரி பார்க்க ஒன்றும் இல்லை. மேட்டை அள்ளிக்கொண்டு போகிறவர்களைத் தடுக்க எங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

அப்போது அந்த யோசனையைச் சொன்னது நான்தான். காட்டில் அங்கங்கே குவியலாகக் கல் கிடக்கிறதே, அதை எடுத்துச் சுவரடியில் இரண்டு அடி உயரத்துக்கு அடுக்கிவிட்டால் தண்ணீர் மண்ணை அரிக்காதே என்றேன். சர்வேயர் ஐயா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கரிசலில் கல் தானாக முளைக்காது, யாரோ கொண்டுவந்து போட்டதாக இருக்கும், யாரையாவது கேட்டுவிட்டு எடுக்கலாமே என்றார். எதற்கெடுத்தாலும் பொறு பொறு என்றால் மழை பொறுக்குமா என்று நான் வாயடித்தேன். குவியல் இருந்த இடம்தான் உங்கள் மேப்பில் இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்டேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சுமந்தோம். சிவப்புக் கல், வெள்ளையாக மின்னும் வெங்கச்சங்கல், ஆற்றில் உருண்ட வழவழப்பான கறுப்புக் கல் என்று விதவிதமாக இருந்தன. ஒரே காட்டில் இத்தனை ஜாதிக் கல் எப்படி வந்தது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் நிறம் பார்த்து அழகாக அடுக்கினேன். சுவர் நிமிர்ந்து நின்றது. கம்பவுண்டர் பாட்டை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். அன்றைக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோன புளியோதரை எனக்கு எப்படி ருசித்தது என்று இன்றும் நாக்கில் இருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு, ஐப்பசி பிறந்துவிட்டது. நாங்கள் போனபோது பனைமரத்தடியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் காட்டில் பருத்தி எடுக்கிற கூட்டத்தில் எத்தனையோ தரம் பார்த்த முகம், பேசியதில்லை. கையில் ஒரு தட்டு, அதில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த இடத்தில், கல் எடுத்த தடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"இங்கன இருந்த எங்க ஆளை எங்க கொண்டு போட்டீய?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். அந்த ஒன்பதும் அந்தக் காலத்துச் சண்டையில் ஒன்பது பேர் விழுந்த இடம். அவர்கள் அதைக் குமி என்று சொல்கிறார்கள். ஒவ்வொரு குமிக்கும் ஊருக்குள் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண், தன் பிறந்த ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து அந்த வீட்டுக் குமியில் வைக்க வேண்டும். வைத்தால்தான் அவள் அந்த வீட்டுக்காரி. பனைமரத்தடிக் குமி இவள் வீட்டுடையது. வருகிற வியாழக்கிழமை மகனுக்குக் கல்யாணம். முதல் பத்திரிகையை அங்கே வைக்க வந்திருக்கிறாள்.

இரண்டு வருஷமாக எத்தனை ஆபீசுக்கு எழுதினோம், எத்தனை லைப்ரரியில் தேடினோம். பத்து கஜத்தில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். அதை மறைத்து எழுத விரும்பவில்லை. சுவர் நின்றால்தான் சர்க்கார் இந்த இடத்தை எடுக்கும், எடுத்தால்தான் உங்கள் ஆட்களுக்கும் மரியாதை, தை வரைக்கும் கல் சுவரடியிலேயே இருக்கட்டும், பிறகு திருப்பி வைத்துத் தருகிறோம் என்று படபடவென்று பேசினேன். அவள் முழுவதும் கேட்டாள்.

"வியாழக்கிழமை வாரவ எங்கன கல்லு வைப்பா?" என்றாள். தட்டோடு திரும்பிப் போய்விட்டாள்.

பஸ்ஸில் மற்ற மூன்று பேரும் முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள். யோசனை உன்னுடையது, நீயே சொல் என்பதுபோல. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. திங்கட்கிழமை இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே தறிக்கூடத்துப் பஞ்சு வெயிலில் மிதந்துகொண்டே இருந்தது, கீழே விழவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் என் கல்யாணம் ஞாபகம் வந்தது. கடையநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்த முதல் வாரம், இந்த வீட்டில் எதைத் தொட்டாலும் இன்னொருத்தர் பொருளைத் தொடுகிறோம் என்று கை கூசியது. அது தீர எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு கல்லால் தீர்ந்திருக்கிறது. அதை நான் நிறம் பார்த்து அடுக்கியிருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரரிடம், சுவரடியில் அடுக்கிய கல்லைப் பிரித்துவிடலாமா என்றேன். பிரித்தால் சுவர் மழைக்கு விழுந்துவிடும் என்றார். தெரியும் என்றேன். சரி, நாளைக்கே லீவு போடுகிறேன் என்றார். அந்த மனுஷனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான், இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து பேரும் போனோம். அண்ணாச்சி ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டே வந்தார். ஊருக்குள் போய், பத்திரிகை கொண்டுவந்த அந்த அக்காவிடம் சொன்னேன். மன்னிச்சுக்கிடுங்க என்றேன். அவளோடு சேர்ந்து எங்களுக்குப் பின்னாலேயே பதினைந்து இருபது பெண்கள் கிளம்பி வந்தார்கள்.

சர்வேயர் ஐயா மேப்பை விரித்து, ஒன்பது இடத்திலும் முளைக்குச்சி அடித்தார். இடம் கிடைத்துவிட்டது. எந்தக் கல் எந்தக் குமியுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை நினைத்து நான் கைகால் ஓடாமல் நின்றேன். பெண்கள் நிற்கவில்லை. சுவரடியில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்துத் துடைத்தார்கள். இந்தச் சிவப்பு என் மாமியாருடையது, தேரிக்காட்டுப் பக்கத்துக்காரி என்றாள் ஒருத்தி. இது எங்க வீட்டில் மூத்தவள் கொண்டுவந்தது, ஓரத்தில் உடைஞ்சிருக்கும் பாரு என்றாள் இன்னொருத்தி. தான் கொண்டுவந்த கல்லைக் கண்டதும் ஒரு பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். யார் எந்த ஊர், எந்தக் காலத்தில் வந்தவள், எத்தனை பிள்ளை பெற்றாள் என்று கல் கைமாறக் கைமாறப் பேச்சும் நடந்தது. எனக்கு அது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது. வெயில் ஏறி, காடு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டத்துக்குள் நடந்து போனார்கள். பட்டாளத்தைப் பற்றி நான் கண்ட கனவிலெல்லாம் ஒரு பெண்கூட இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சாயங்காலத்துக்குள் எட்டுக் குமி எழுந்துவிட்டது. சுவரடியில் இன்னும் ஒரு குவியல் கல் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. அது ஒன்பதாவது வீட்டுடையது, அந்த வீட்டு ஆட்கள் இலங்கைக்குப் பஞ்சம் பிழைக்கப் போனவர்கள், திரும்பவில்லை என்று சொன்னார்கள். அந்தக் கல்லை நாங்கள் ஐந்து பேரும் சுமந்துபோய் மேப்பில் கண்ட இடத்தில் வைத்தோம்.

வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. எங்களை அழைக்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தோம். சுவர் படுத்துவிட்டது. உடைப்பு எது, சுவர் எது என்று தெரியாமல் கரைந்த வெல்லம்போல ஒரு மண்மேடு. அண்ணாச்சி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

தையில் அதிகாரி வந்தார், நல்ல மனுஷர். மண்மேட்டைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். குமிகளைப் பற்றிச் சொன்னோம். குறித்துக்கொண்டார். ஆனால் அவை எழுப்பிய காலத்துக்கு ஆதாரம் கேட்டார். சென்ற ஐப்பசியில் நாங்களே எழுப்பினோம் என்று சர்வேயர் ஐயா உண்மையைச் சொன்னார். பொய் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. பங்குனியில் கடிதம் வந்தது. பாதுகாக்கத் தக்க கட்டுமானம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

அதோடு எங்கள் குழு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பாதுகாக்க ஒன்றும் இல்லை என்று எழுத்து மூலமாகவே சொல்லிவிட்டார்கள். இனி எதற்கு முள் வெட்டுவது? ஊருக்குள் சொல்லிவிட்டு வருவது முறை என்று நானும் வீட்டுக்காரரும் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்த அக்கா தன் வீட்டுக் குமியைச் சுற்றிப் புல் செதுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புது மருமகள். கடிதத்தை எடுத்து வாசித்தேன். சர்க்கார் கைவிட்டுவிட்டது என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை வரமாட்டீயளா?" என்று கேட்டாள்.

அவள் களைக்கொட்டைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். ஒன்பதாவது குமியின் பக்கம் கையை நீட்டினாள். அதைச் சுற்றிச் சீமைக்கருவேலங்கன்று முழங்கால் உயரம் வந்திருந்தது.

"அடுத்த வீட்டுக் குமியில நாங்க கை வைக்கப்படாது டீச்சர். அதுக்கு ஆளில்ல. கலைச்சது நீங்க. நீங்களே வச்சிக்கிடுங்க."

மழைக்குச் சுவர் விழுந்தபோது வராத அழுகை அப்போது வந்தது. பெரிய பேச்சுக்காரி என்று பெயர் எடுத்த நான் அந்தக் காட்டில் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் அதைக் கண்டுகொள்ளாமல், நான் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்று விசாரித்தாள். சொன்னேன். அப்படியென்றால் அங்கிருந்து ஒரு கல் கொண்டுவர வேண்டும் என்று, பலசரக்குச் சாமான் சொல்வதுபோலச் சொன்னாள்.

அடுத்த வாரம் கடையநல்லூர் போனேன். அம்மா வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, கைக்கு அடக்கமாக ஒரு கல்லைத் தேடி எடுத்துக் கழுவினேன். அம்மா புறவாசலில் நின்று பார்த்துவிட்டு, எதுக்குட்டி இந்தக் கல்லு என்றாள்.

"எங்க வீட்டு ஆளு ஒருத்தரு அங்கன கிடக்காரும்மா" என்றேன்.